காது கொடுத்துக் கேட்போம்



ஆந்தை அலறினால் அபசகுனமென்று நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட அவ்வாறு செய்தாரல்லர். 1995ஆம் ஆண்டு கித்துல்கலக் காட்டில் தாம் முன்பு அறிந்திராத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையைக் கண்ணாற் காண ஆறாண்டுகள் சென்றன. 2001 ஜனவரி 23இல் சிங்கராஜ வனத்திலே அதனைக் கண்டார். செந்நிறமான சிற்றாந்தை அது! விஞ்ஞானம் அறியாத புதிய இனமென 2004இல் அது வெளியிடப்பட்டது. அதற்குமுன் நூறாண்டுகளுக்கு மேலாக இலங்கையிற் புதுப் பறவையினம் எதுவும் கண்டறியப்படவில்லை.

1970களில் அவ்வனத்தைக் கோடரியினின்றும் காக்கப் பாடுபட்ட திலோ ஹொப்மனின் பெயரையே அதற்குச் சூட்டினர். அன்று மரங்கள் வீழ்ந்திருந்தால் அங்கே காண்பதற்கு யாது எஞ்சியிருக்கும்?

பரீட்சைக்குப் படிக்கும் நாம், அறியவேண்டியவை யாவும் புத்தகத்தில் அடங்கிவிட்டன என்றெண்ணுகிறோம். இனி ஆந்தையின் குரல் கேட்டால் காதைத் திறப்போமாக.