பெட்டிக்குப் பணம் யார் கொடுப்பது?

(பொன்முடி எஸ்டேட் லயத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



சம்பளம், போனஸ், லயத்துக் கூரை என்று பேச வேண்டிய இடத்தில் டெலிவிஷனைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். போன மாதம் வீடு வீடாகச் சங்கச் சந்தா வாங்க வந்தபோது முதலில் என் காதில் விழுந்த புகாரே அதுதான். "ரீசார்ஜ் முடிஞ்சு பத்து நாளாச்சு அண்ணே, படம் இல்லை" என்றார் ஒரு அக்கா.

பழைய காலம் நமக்கு மறக்கவில்லை. கூரைமேல் ஒரு ஆன்டெனா. காற்றடித்தால் அண்ணன் ஏறித் திருப்புவார்; கீழே பிள்ளைகள் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்துவார்கள். மலை மறைத்துப் படத்தில் புள்ளி விழுந்தாலும் பேச்சு கேட்கும். மாதக் கட்டணம் கிடையாது. டிஜிட்டல் அப்படியல்ல. சிக்னல் ஓரளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடையும், நின்றுவிடும், பிறகு ஒன்றுமே இல்லை. டிஷ்ஷுக்கு வரும் அலையைக் கனமழை தடுத்துவிடும். பொன்முடி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? புயல், மண்சரிவுச் செய்தி வேண்டிய ராத்திரியில்தான் பெட்டி கறுத்துக் கிடக்கிறது.

2011-இல் பார்லிமெண்டு கேபிள் சட்டத்தைத் திருத்தியது. 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி, 2017 மார்ச்சுக்குள் கிராமம் வரை கேபிள் டிஜிட்டலாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். டி.வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண விதி வந்தது: அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு வரை, கட்டணச் சானலுக்குத் தனிக் காசு. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் பார்த்த வீடுகளில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆள் வந்து போட்டுக்கொடுத்தது மலையாளப் பேக். அதில் தவறில்லை, இது மலையாள நாடு, நம் பிள்ளைகள் படிப்பதும் அதில்தான். ஆனால் பாட்டிக்குத் தமிழ் வேண்டுமென்றால் மேலே பணம்.

ஆன்டெனாவும் போயிற்று. முக்கிய இடங்களில் சுமார் 50 நிலையங்கள் தவிர, பழைய அனலாக் நிலையங்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி 2021-இல் அறிவித்தது.

அமெரிக்கா 2009-இல் மாறியபோது, கேட்ட வீட்டுக்கு 40 டாலர் கூப்பன் இரண்டு கொடுத்தது. பிரிட்டனில் 75 வயது தாண்டியவர்களுக்குத் தனி உதவித் திட்டம் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டில் 2017-இல் அரசு கேபிள் இலவசப் பெட்டி கொடுத்தது. அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு அந்த வழி உண்டு. இங்கே கொழுந்து கிள்ளும் அக்காவுக்கு இல்லை.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 முதல் இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. டிடி தமிழ் வரும். ஆனால் தனியார் சானலுக்கான இடம் ஏலத்தில் போகிறது. பெரிய தமிழ்ச் சானல்கள் அதில் இல்லை. ஆகவே நம் மனுவில் இரண்டு கோரிக்கை. லயத்துக் குடும்பங்களுக்கு ஃப்ரீ டிஷ் பொருத்தும் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். அதில் தமிழுக்கு ஏலமில்லாத இடம் ஒதுக்க வேண்டும். மழைக்கு மனு போட முடியாது. அதனால் ஒவ்வொரு லயத்திலும் பேட்டரி ரேடியோ ஒன்றாவது இருக்கட்டும்.

மனு எழுதுவது என் வேலை. ரயில்வே ஆபீஸில் இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன்! எத்தனை வீடு, மாதம் எவ்வளவு போகிறது என்ற கணக்கு உங்களிடமிருந்து வர வேண்டும். வரும் ஞாயிறு பத்து மணிக்கு ரசீதோடு வாருங்கள். ரசீது தரவில்லையென்றால் போனில் வந்த ரீசார்ஜ் செய்தி போதும். அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.