மிஞ்சிய பழம்: குப்பைக்கும் வேண்டாம், சர்க்கரைப் பாகுக்கும் வேண்டாம்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ‘பி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள் ஆகிறது. இன்று காலை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது, நம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுப் பச்சைத் தொட்டிகளைக் காட்டினார். சீப்புச் சீப்பாக வாழைப்பழம், வைத்த சந்தனம் குங்குமம் அழியாத ஆப்பிள், தோல் சுருங்கிய சாத்துக்குடி. “வருஷா வருஷம் இதே கதைதாம்மா” என்றார்.

அந்தத் தொட்டியில் என் வீட்டுப் பழம் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் எனக்கு அதில் பெரிய பெருமை. அந்தப் பெருமையால் எனக்கு என்ன ஆயிற்று என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் பழம் மிஞ்சினால் உடனே மில்க் ஷேக். கனிந்த வாழைப்பழம் மூன்று, பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பிள்ளைகள் வெளியூரில். கணவர் அரை டம்ளரோடு போதும் என்பார். மீதி எல்லாம் எனக்குத்தான். ஆப்பிளும் திராட்சையும் மிஞ்சினால் ஜாம். அன்னாசி மிஞ்சினால் கேசரி. எதையும் வீணாக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பண்டிகைக் காலம் முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-லிருந்து 8.4-க்கு ஏறியிருந்தது. டாக்டர், “ஸ்வீட் சாப்பிட்டீங்களா?” என்றார். “இல்லை டாக்டர், பழம்தான்” என்றேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். “பழம் வீணாகக் கூடாதுன்னு உடம்பை வீணாக்கிட்டீங்களேம்மா” என்றார்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பல அம்மாக்களுக்கு இது புரியும். வீட்டில் மிஞ்சுவது எதுவானாலும் கடைசியில் நம் வயிற்றுக்குத்தான் போகிறது. மிஞ்சிய பழத்தைத் தொட்டியிலும் போடாமல், சர்க்கரையிலும் முக்காமல் என்ன செய்யலாம்? இந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கனிந்ததா, கெட்டதா?

வாழைப்பழத் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தால் பழம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பழம் நன்றாகக் கனிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிள் சுருங்கினால் அதில் நீர் குறைந்திருக்கிறது. இவற்றையெல்லாம் பயன்படுத்தலாம்.

பூஞ்சை பிடித்திருந்தாலோ, புளித்த கள் வாடை வந்தாலோ, வெட்டும்போது கொழகொழவென்று நீர் விட்டாலோ யோசிக்கவே வேண்டாம், தொட்டிதான். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மென்மையான பழங்களில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும். ஆப்பிளில் வரும் நீலப் பூஞ்சை ‘பாட்டுலின்’ என்ற நச்சை உண்டாக்கக்கூடியது. பத்து ரூபாய்ப் பழத்துக்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை: பிரித்து வையுங்கள்

பூஜை முடிந்த அன்றே தட்டைப் பிரித்துவிடுங்கள். வாழை, மா, சப்போட்டா, கொய்யா, பப்பாளி, ஆப்பிள் ஆகியவை பறித்த பிறகும் கனியும். கனியும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அது பக்கத்தில் இருக்கும் காய்களையும் வேகமாகப் பழுக்க வைக்கும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் குவித்து வைத்தால் எல்லாம் ஒரே நாளில் கனிந்து நம்மைத் திணறடிப்பது அதனால்தான். திராட்சை, சாத்துக்குடி, அன்னாசி, மாதுளை ஆகியவை பறித்த பிறகு மேலும் இனிக்காது. காத்திருந்து பயனில்லை. ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வாழைப்பழத்தைக் காயாக ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது. பழுத்த பிறகு வைக்கலாம். தோல் கறுத்துவிடும், உள்ளே பழம் இன்னும் சில நாள் நன்றாகவே இருக்கும். வெட்டிய பழத்தை மட்டும் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

இரண்டாவது: நேற்றே கொடுங்கள்

இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஒரு பொங்கல் முடிந்து, கறுத்துப்போன ஒரு சீப்புப் பழத்தை எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். கதவருகே போனவர் திரும்பி, “நேத்தே குடுத்திருந்தா பசங்க சாப்ட்டிருப்பாங்கம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து பால்கனியிலிருந்து பார்த்தேன், கேட்டுக்கு வெளியே மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அன்று கொடுத்தது பழமில்லை, என் வீட்டுக் குப்பை. அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பூஜை முடிந்த அன்று மாலையே, வீட்டுக்கு வேண்டிய மூன்று நாள் பழத்தை எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொடுத்துவிடுவேன். நாம் சாப்பிடத் தயங்கும் பழத்தை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது: ஃப்ரீசர்

கொடுத்தது போகவும் மிஞ்சினால் ஃப்ரீசர். வாழைப்பழத்தைத் தோலோடு வைக்காதீர்கள், பிறகு உரிப்பது பெரும் பாடு. உரித்து வட்டமாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கெட்டியானதும் டப்பாவில் போடுங்கள். மாம்பழம், பப்பாளி, சப்போட்டாவையும் இப்படியே செய்யலாம். இரண்டு மாதம் ருசி போகாமல் இருக்கும். டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீசரே இன்னொரு தொட்டியாகிவிடும். நீண்ட மின்வெட்டில் பழம் உருகிப்போனால் மறுபடி உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

பேரப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால், உறைந்த வாழைப்பழத் துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வைத்து, இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிரோடு மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். சர்க்கரை ஒரு துளிகூட வேண்டாம். என் பேத்தி இதற்கு ‘பாட்டி ஐஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நான்காவது: அடுப்படி

இதில் நான் கற்றது ஒன்றே ஒன்று: கனிந்த பழம்தான் சர்க்கரை. அதற்கு மேல் வெல்லமும் வேண்டாம், சீனியும் வேண்டாம். பழத்தைக் காரத்தோடும் புளிப்போடும் சேர்க்கும் வழக்கம் நம் சமையலில் ஏற்கெனவே இருக்கிறது.

வாழைப்பழக் குழிப்பணியாரம்: நன்கு கனிந்த மோரிஸ் இரண்டு, அல்லது பூவன் மூன்று. மசித்து ஒரு கப் கோதுமை மாவு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் கரையுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். பணியாரக் கல்லில் குழிக்கு சில சொட்டு எண்ணெய் போதும். எண்ணெயில் பொரிக்கும் அப்பத்தைவிட இது வயிற்றுக்கு இதம்.

பப்பாளிச் சப்பாத்தி: கனிந்த பப்பாளியை மசித்து, தண்ணீருக்குப் பதிலாக அதிலேயே மாவு பிசையுங்கள். உப்பு, சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள். சப்பாத்தி மிருதுவாக வரும், பப்பாளி பிடிக்காதவர்களும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கொய்யாச் சட்னி: கனிந்த கொய்யாவின் விதைப் பகுதியை நீக்கி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, சீரகம், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரையுங்கள். தோசைக்கு அருமை.

அன்னாசி: ரசம் வையுங்கள், மிளகும் சீரகமும் தூக்கலாக. தயிர்ப் பச்சடி செய்வதானால் முதலில் வேகவைத்து ஆறவிடுங்கள். பச்சையாகத் தயிரில் போட்டு வைத்தால் அதிலுள்ள ஒரு நொதி தயிரின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும்.

சுருங்கிய ஆப்பிள்: துருவித் தயிர்ப் பச்சடி. அல்லது பட்டைத் துண்டோடு வேகவைத்து காலை ஓட்ஸ் கஞ்சியில்.

கோடையில் மாம்பழம் மிஞ்சினால் மோர்க்குழம்பு. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துப் பழத்தோடு கொதிக்கவிட்டு, கடைசியில் புளித்த மோரை விட்டு நுரை கட்டியதும் இறக்குங்கள்.

ஜூஸ், ஜாம் ஏன் வேண்டாம்?

போன முறை ‘ஏ’ பிளாக் மாமா கேட்டார், “பழத்தில் இருப்பதுதானே ஜூஸிலும் இருக்கிறது?” என்று. ஒரு டம்ளர் சாற்றுக்கு மூன்று, நான்கு சாத்துக்குடி வேண்டும். நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியில் தங்கிவிடும். சுளையாக உரித்து நான்கு பழத்தை ஒரே மூச்சில் சாப்பிடுவீர்களா? உலக சுகாதார நிறுவனம், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவர் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையை 50 கிராமுக்குள், அதாவது சுமார் 12 டீஸ்பூனுக்குள் வைக்கச் சொல்கிறது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பழச்சாற்றின் சர்க்கரையும் தேனும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை வராது. ஜாம் கெடாமல் இருப்பதற்குக் காரணமே அதில் கொட்டும் சர்க்கரைதான். அதைக் குறைத்தால் ஜாம் கெட்டுவிடும், குறைக்காவிட்டால் நாம் கெட்டுவிடுவோம்.

அளவு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரிக்கான தட்டில் பழம் 100 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம். உரித்த நடுத்தர மோரிஸ் பழம் ஒன்று ஏறத்தாழ 100 கிராம் வரும். நான் ஒரு டம்ளர் மில்க் ஷேக்கில் எத்தனை நாள் பழத்தைக் குடித்திருக்கிறேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் பழத்தையே தொடக் கூடாது என்பதில்லை. என் டாக்டர் எனக்கு அளவு சொல்லியிருக்கிறார், உங்கள் டாக்டரிடம் உங்கள் அளவைக் கேளுங்கள். மிகவும் கனிந்த வாழைப்பழம் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதையும் மறக்காதீர்கள். நான் சொன்ன பணியாரத்துக்கும் இது பொருந்தும், எனக்கு மூன்றோடு சரி. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்காமல் வாழைப்பழம் சாப்பிட வேண்டாம்.

இதோ, அடுத்து தீபாவளி வருகிறது. செயலாளர் சாரிடம் ஒரு கோரிக்கை வைத்தேன், ஒத்துக்கொண்டார். செக்யூரிட்டி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூடை இருக்கும். மிஞ்சும் என்று தெரிந்தவர்கள் அதில் வைக்கலாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், டெலிவரிக்கு வரும் பிள்ளைகள், நாமும்கூட, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க வேண்டியதில்லை. விதி ஒன்றுதான்: உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்றைக்குக் கொடுக்கக்கூடிய பழமாக இருக்க வேண்டும். தோலும் கெட்டதும் மட்டும் பச்சைத் தொட்டிக்குப் போகட்டும்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள் சூப்பர்வைசர் என்னை மறுபடி கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது நாம் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

பின்னால் மேஜையில் பணியாரம் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு.