சிறுகதையில் முரண்
(திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரிடை ஆற்றிய உரை)



சிறுகதைக்கு உயிர் முரண். அது நால்வகைத்து: மாந்தன் தன் நெஞ்சொடு, பிறனொடு, குமுகாயத்தொடு, இயற்கையொடு முரணுதல். வகை காண, 'எதிர்நிற்பது யாது?' என வினவுக.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) காண்போம். அம்மாளு உங்களைப்போல் ஆலைக் கூலி. குதிரைவண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசில்லை. இருட்சந்தில் தன்னை விற்று முக்கால் உருவா ஈட்டுகிறாள்.

சந்தில் நின்றவனா பகைவன்? அவன் வெறுங்கருவி. அவள் நெஞ்சப் போராட்டத்தையும் ஆசிரியர் விரித்திலர். கற்பைப் போற்றிப் பசியைப் போக்காத குமுகாயமே எதிர்நிற்கிறது!

நம் நொய்யலைக் கதையாக்குவோரும் இதனை உணர்க. சாயக்கழிவால் ஆறு கெட்டது இயற்கையொடு முரணன்று, குமுகாயத்தொடு முரணே. பகையைப் பிழைபடக் காட்டும் கதை, உண்மைப் பகையை மறைத்துவிடும்!