மண்ணைப் படித்தவருக்கு வேலை கொடுங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"விவசாயம் படிச்சா யாருங்க வேலை கொடுப்பாங்க?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தோட்ட நிர்வாகிகளிடமும் முதலாளிமார்களிடமும் அல்லவா கேட்க வேண்டும்?

ஒரு சின்ன வண்டின் கதையைச் சொல்கிறேன். முன்பு செம்பனைத் தோட்டங்களில் நம் பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பூவுக்கு மகரந்தத்தூள் தூவினார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காற்றுதான் மகரந்தத்தைச் சேர்க்கும் என்று எல்லாரும் நம்பிய காலம். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி, கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களில் வண்டுகள் மொய்ப்பதைக் கண்டிருந்தார். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அதை ஆராய்ந்து, மகரந்தம் சேர்ப்பது அந்த வண்டே என்று காட்டினார். மற்றப் பயிர்களுக்குக் கேடு செய்யுமா என்றும் சோதித்தார். 1981-இல் ஜொகூரில் வண்டை விட்டார்கள். விரைவிலேயே அது தீபகற்பம் எங்கும் பரவியது. காய்ப்பு கூடியது; தூவுகிற செலவு மிச்சமானது.

முதலாளிமார்களே, பூச்சியைப் படித்த ஒருவரின் அறிவு உங்கள் தொழிலுக்கு என்ன செய்தது, பார்த்தீர்களா? இன்று கானோடெர்மா என்ற காளான் செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கிறது. வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். இதை உரக்கணக்கு மட்டும் தெரிந்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எலியை ஒழிக்கத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். அது கத்தினால் சாவு என்று நாம் விரட்டுகிறோம்!

"படித்த பிள்ளைகளுக்கு அனுபவம் இல்லை" என்கிறீர்கள். பால் வெட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மரத்தைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? விடுமுறையில் பயிற்சி கொடுங்கள். தேறியவரை வேலைக்கு எடுங்கள்.

பெற்றோரே, அந்த வண்டு வந்ததும் தூவிய கைகளுக்கு வேலை போய்விட்டது. இதையும் மறக்கக்கூடாது. கைவேலை மட்டும் தெரிந்தால் நாளைக்கும் அப்படித்தான். 1931-இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. நம் கெடாவிலேயே, பெடோங் அருகே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவியல் பாடத்தைக் கண்டு ஒதுங்க வேண்டாம்.

மாணவர்களே, உங்கள் அப்பா அம்மா வியர்வை சிந்திய மண் இது. அதை ஆராயும் அதிகாரியாக நீங்கள் வர வேண்டும்.