காதைப் பொத்தும் குழந்தை

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றாலே நன்றி கூறும் காலம். செய்த பிழைகளை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் காலமும் அதுவே. ஆகவே என் பிழை ஒன்றைச் சொல்லியே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அன்று திருவிழாப் பூசை. கோவில் நிறைந்த கூட்டம்; நாலு மூலையிலும் ஒலிபெருக்கி; வாசலில் வெடி. பிரசங்கத்தின் நடுவே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அலறினான். தாய் அணைத்தாள், அடங்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தாள், இன்னும் அலறினான். நான் ஒலிபெருக்கியிலேயே, "அம்மா, அந்தப் பிள்ளையை வெளியே கொண்டு போங்க" என்றேன். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் தலைகுனிந்து எழுந்து போனாள்.

பிறகு பல மாதங்கள் அவளைக் கோவிலுக்குள் காணவில்லை. வீடு மந்திரிக்கச் சென்றபோது அவள் வீட்டு வாசலிலும் நின்றேன். அவள் கோபப்படவில்லை. "சாமி, அவன் வேணும்னு செய்யலை. அந்தச் சத்தம் அவனுக்கு அடி விழுற மாதிரி இருக்கு. அதான் வெளியே வேப்பமரத்தடியில நின்னே பூசை காணுறேன்" என்றாள்.

குருமடத்தில் ஆண்டுக்கணக்காகத் தத்துவமும் இறையியலும் படித்தவன் நான். அந்தத் தாய் ஒரே வாக்கியத்தில் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நூல்களும் பல மருத்துவர்களும் தேவைப்பட்டனர். அவ்விதம் நான் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

புலன்கள் ஐந்து என்று பள்ளியில் படித்தோம். இவற்றோடு உடலுக்குள் வேலை செய்யும் வேறு உணர்வுகளும் உண்டு. உட்காதில் அமைந்த சமநிலை உணர்வு ஒன்று. தூளியில் ஆடும்போது குழந்தைக்கு இன்பம் தருவது அதுவே. தசையும் மூட்டும் தரும் உணர்வு மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அதுவே உதவுகிறது.

இவ்வுணர்வுகள் அனைத்தும் மூளைக்குப் போய்ச் சேருகின்றன. நம் ஊர்ப் பூ மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து மல்லியும் பிச்சியும் கூடை கூடையாக வந்து இறங்குகின்றன. எடை போட்டு, தரம் பிரித்து, அந்தந்த இடத்துக்கு அனுப்ப ஆள் இருப்பதால் வியாபாரம் நடக்கிறது. எல்லாக் கூடையும் ஒரே நேரத்தில் வந்து குவிந்து, பிரிக்க ஆளில்லை என்றால் என்ன ஆகும்? சில குழந்தைகளின் மூளையில் நடப்பது ஏறக்குறைய அதுதான். காது நன்றாகக் கேட்கிறது. கண் நன்றாகப் பார்க்கிறது. வந்த செய்தியைப் பிரித்து ஒழுங்குபடுத்துவதில்தான் சிரமம். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்வழிச் சிகிச்சையில் தேர்ந்த ஜீன் ஏயர்ஸ் அம்மையார் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் உண்டு. அவ்விரு குறைகளையும் நம் சீமை வெகுகாலம் முன்பே புரிந்துகொண்டது. கண்ணும் காதும் சரியாக இருந்தும் தவிக்கும் குழந்தையைத்தான் நாம் நெடுங்காலம் "பிடிவாதக்காரன்", "அடங்காப்பிடாரி" என்று ஏசி வந்திருக்கிறோம்.

இச்சிரமம் மூன்று விதமாக வெளிப்படலாம். முதலாவது, சிறிது உணர்வும் மிகுதியாகத் தாக்குவது. விசைத்தறிச் சத்தத்தின் நடுவே தூளியில் அயர்ந்து தூங்கும் குழந்தையும் நம் ஊரில் உண்டு. அதே தெருவில் குக்கர் விசிலுக்கு நடுங்கி ஒளியும் குழந்தையும் உண்டு. நேர்ச்சை மொட்டைக்குத் தலையைக் கொடுக்காதவன், புதுச் சட்டையின் கழுத்துத் துணி உறுத்துகிறது என்று கழற்றி எறிபவன், குழைந்த சோற்றைத் தொட்டாலே குமட்டுபவன் ஆகியோர் இவ்வகையினர். இரண்டாவது, உணர்வு போதிய அளவு எட்டாதது. விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் அழாத பிள்ளை, பலமுறை கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை இவ்வகை. மூன்றாவது, உணர்வைத் தேடி அலைவது. ஓயாமல் சுற்றுவதும், குதிப்பதும், சுவரில் மோதுவதும் இதில் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சத்தத்துக்கு அஞ்சும் குழந்தை எல்லாம் நோயாளி அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இச்சிரமம் உண்டு. ஆனால் இச்சிரமம் உள்ளவர் எல்லாருக்கும் ஆட்டிசம் இல்லை. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்.

எதைக் கவனிப்பது? ஒரு வயது நிறைந்தும் மழலை ஒலி எழுப்பாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டாமை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாமை. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. எந்த வயதிலும், முன்பு பேசிய சொற்களை இழத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். "அவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வாள். பாட்டியின் அன்புக்கு வணக்கம். ஆனால் காத்திருக்க நேரமில்லை. மூன்று வயதுக்குள் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வரா.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அந்நாளில் பிள்ளையை வீட்டில் மறைக்காதீர்கள். நம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அதை நிறுவினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அச்சங்கத்தின் பணியாளர்கள் சிறு குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, வீடு தேடிச் சென்று தாய்க்கே பயிற்சி தருகின்றனர். நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவள் தாய் அல்லவா?

நம் முன்னோர் வீட்டு வழக்கங்களிலேயே இப்பயிற்சியின் விதைகள் உண்டு. எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது தொடுவுணர்வுக்கு, தூளி சமநிலைக்கு, தாலாட்டு செவிக்கு, மண் விளையாட்டு கைக்கும் கண்ணுக்கும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்த மரிய மொந்தெஸ்ஸோரி அம்மையாரும் கையால் தொட்டே குழந்தை கற்கிறது என்று போதித்தார். இன்று இவ்வளவுக்கும் பதிலாக ஒரு செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதில் படம் உண்டு, பாட்டு உண்டு. கனம் இல்லை, மணம் இல்லை, மடி இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை கூடவே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது.

பெற்றோருக்கு நான் சொல்வது மூன்று. அடிக்காதீர்கள், அச்சத்தோடு அச்சத்தைச் சேர்க்க வேண்டாம். வற்புறுத்தாதீர்கள், பிடிக்காததைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், "இப்போ மணி அடிக்கும், காதை மூடிக்கலாம்" என்ற ஒரு சொல் பாதிப் பயத்தைப் போக்கும்.

பங்குக்கும் ஒரு கடமை உண்டு. யூபிலியின் நினைவாக மூன்று ஏற்பாடுகள் செய்துள்ளோம். இனிக் கோவில் வாசலருகே வெடி இல்லை. இடப்பக்கத்து ஒலிபெருக்கி ஞாயிறு இரண்டாம் பூசையில் இயங்காது. பக்கத் தாழ்வாரத்தில் பாயும் நாற்காலியும் போட்டிருக்கிறோம். அங்கே ஒரு தாய் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மரியன்னையின் வாழ்த்தொலி கேட்டு, எலிசபெத்தம்மாளின் வயிற்றில் ஆறாம் மாதக் குழந்தையாயிருந்த அருளப்பர் துள்ளினார் என்று லூக்காஸ் எழுதுகிறார். அந்த மாதமளவில்தான் கருவிலுள்ள குழந்தை ஒலிக்கு அசையத் தொடங்குகிறது என்று மருத்துவமும் கூறுகிறது. கருவிலேயே கேட்கத் தொடங்கும் செவிக்கு நாம் எதைக் கேட்கக் கொடுக்கிறோம்?

காது கேளாத ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது, அவர் முதலில் செய்தது என்ன? அம்மனிதரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். தாமும் உடன் போனார். நான் அன்று செய்ததற்கும் அவர் செய்ததற்கும் உள்ள வேறுபாடு அதுதான். நான் வெளியே அனுப்பினேன். அவர் கூட்டிக்கொண்டு போனார்.

அச்சிறுவன் இன்று இளைஞன். காலந்தாழ்ந்தே பயிற்சி கிடைத்தது. பேச்சு இன்னும் குறைவு. வெடிச்சத்தம் கேட்டால் இன்னும் காதைப் பொத்துகிறான். ஆனால் தாயோடு கோவிலுக்குள் வருகிறான். சென்ற முறை அந்த ஊருக்குப் போனபோது என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அழுத்தமான தொடுகை அவனுக்கு அமைதி தரும் என்று தாய் சொன்னாள். ஆசீர்வாதம் கொடுத்தவன் நானா, பெற்றவன் நானா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் பிள்ளைகளையும், அவர்களைத் தாங்கும் உங்கள் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.