கதவைத் திறப்பவர் எழுதும் தேதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் 2009-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர்.)



பேச அழைத்தபோது நம் செயலாளர், "அமெரிக்காவில் ஜெயித்த கதையைச் சொல்லுப்பா" என்றார். ஜெயித்த கதை சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சறுக்கி விழுந்த கதையைச் சொல்கிறேன். வெளிநாடு போகக் காத்திருக்கும் மாணவர்களுக்கு அதுதான் உபயோகமாக இருக்கும்.

கதையின் தொடக்கம் நம் கல்லூரியில்தான். 2009 மார்ச் மாதம், இறுதியாண்டு படிக்கும்போது, எனக்கு முதல் பாஸ்போர்ட் கிடைத்தது. கல்லூரி வாசல் ஸ்டூடியோவில், நண்பனிடம் சட்டை இரவல் வாங்கி எடுத்த போட்டோ. அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருட ஆயுள். 2019 மார்ச் 12-ஆம் தேதியோடு முடியும். இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

மேல்படிப்பு முடித்து, மிச்சிகன் மாநிலத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவது என் வேலை. எச்-1பி வேலை விசா. என் மனைவிக்கும் வேறொரு நிறுவனத்தில் வேலை, அவருக்கும் தனியாக அதே விசா. ஒரு பெண் குழந்தை.

2018 ஆகஸ்டில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினேன். ஏர்போர்ட்டில் குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், முத்திரை குத்தினார், கீழே பேனாவால் ஒரு தேதி எழுதினார். நான் பார்க்கவில்லை. என் விசா 2020 செப்டம்பர் வரை இருந்தது. நிறுவனத்துக்கு வந்த அனுமதிக் கடிதத்திலும் அதே தேதி. அப்புறம் என்ன கவலை என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். விசா என்பது வாசல் வரை போய்க் கதவைத் தட்டுவதற்கான அனுமதிதான். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கதவைத் திறக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அந்தப் பதிவுக்கு ஐ-94 என்று பெயர். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒரு வெள்ளை அட்டையாகச் செருகிக் கொடுப்பார்கள். 2013-லிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு அது கணினிப் பதிவாகிவிட்டது. கையில் காகிதம் இல்லாததால் பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. விசாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது என்றால், பாஸ்போர்ட் முடியும் நாளோடு தங்கும் அனுமதியையும் அதிகாரி நிறுத்திவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். அந்தப் பேனா எழுதியது 2019 மார்ச் 12.

வேடிக்கை என்னவென்றால், 2019 ஜனவரியிலேயே நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். புதியது வந்ததும் பழையதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பாஸ்போர்ட் புதிதானால் தங்கும் அனுமதி தானாக நீளாது. மார்ச் 12-க்கு முன்னால் நீட்டிப்புக்கு மனுப் போட்டிருக்க வேண்டும், அல்லது வெளியே போய்ப் புதிய பாஸ்போர்ட்டோடு உள்ளே வந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

ஜூன் 17-ஆம் தேதி, கிரீன் கார்டு வேலைகளைத் தொடங்குவதற்காக எங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் என் ஐ-94 பதிவைக் கேட்டார். இணையத்திலிருந்து எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "உட்கார்ந்துதான் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். அனுமதி முடிந்து 97 நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் நான் செய்த வேலையும் அனுமதியில்லாத வேலை. "இந்த நிமிஷமே கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

அன்று மாலை அவர் சட்டத்தை விளக்கினார். அமெரிக்காவில் 1996-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்ப முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். எனக்கு 180-ஆவது நாள் செப்டம்பர் 8. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு உள்ளேயிருந்தே மனுப் போடலாம். ஆனால் பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மறுத்துவிட்டால் காத்திருந்த நாட்களும் கணக்கில் ஏறும். உடனே கிளம்பினால் அந்த மூன்று வருடத் தடை வராது. ஆனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா செல்லாதாகிவிடும். பக்கத்து நாடான கனடாவுக்குப் போய்ப் புதிய விசா வாங்கி வரலாம் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லை, சொந்த நாட்டில்தான் கேட்க வேண்டும். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்.

ஜூன் 20-ஆம் தேதி விமானம் ஏறினேன். சரியாக நூறாவது நாள். மனைவி வேலையை விட முடியாது, வீட்டுக் கடனுக்கு அவர் சம்பளம் ஒன்றுதான் மிச்சம். குழந்தைக்கு இரண்டரை வயது. "அப்பா ஆபீஸ் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது ஒரு பொய்தான்.

ஊருக்கு வந்ததும் விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அதில் ஒரு கேள்வி: அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதாவது தங்கியதுண்டா? உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம். என் மாமா மகன் பக்கத்தில் இருந்தான். "மாப்ளே, பேசாம இல்லைன்னு போட்டுடு. கம்பெனி கடுதாசி செல்லுது, புது பாஸ்போர்ட் இருக்கு, எவன் நோண்டப் போறான்?" என்றான். உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு அந்தக் கட்டத்தைத் தொடாமலே கணினியை மூடினேன். எனக்கு ஆசை வந்தது.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கச் சட்டம் அவருக்குத் தெரியாது. காலையில் காப்பியோடு வந்து உட்கார்ந்தார். "சீசன் பாஸ் தேதி முடிஞ்சு போச்சுண்ணேன்னு ஏறும்போதே சொல்றவன்கிட்ட டிக்கெட் காசு மட்டும்தான் வாங்குவேன். மறைச்சுக்கிட்டுப் பின் சீட்ல போய் உட்கார்றவன்தான் செக்கிங்ல மாட்டுவான். அப்ப என்னாலயும் அவனைக் காப்பாத்த முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

வழக்கறிஞரைக் கேட்டேன். அப்பா சொன்னதையே சட்ட மொழியில் சொன்னார். 97 நாளோ 100 நாளோ அதிகம் தங்கியது விளக்கிச் சொல்லக்கூடிய தவறு. விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னால் அது வாழ்நாள் தடைக்குரிய குற்றம், பிறகு ஒவ்வொரு முறையும் தனியாக விலக்கு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். நான் உள்ளே வந்த நாளும் வெளியேறிய நாளும் அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. 'உண்டு' என்று குறித்தேன். கீழே நடந்ததை நாலு வரியில் எழுதினேன். யார் மேலும் பழி போடவில்லை.

ஜூலை 15, சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே அதுதான். இரண்டு பாஸ்போர்ட்டையும், கடைசிச் சம்பளச் சீட்டையும், வழக்கறிஞர் கடிதத்தையும் கொடுத்தேன். "தெரிந்ததும் எத்தனை நாளில் கிளம்பினீர்கள்?" என்று கேட்டார். "மூன்று நாளில்" என்றேன். மேலும் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதன்பிறகு வந்த 25 நாட்களில் நான் சரியாகத் தூங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. நிறுவனம் சம்பளமில்லா விடுப்புத் தந்திருந்தது. எத்தனை நாள் தாங்குவார்கள் என்று எனக்கும் தெரியாது, என் மேலாளருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

ஆகஸ்ட் 14-இல் திரும்பினேன். ஏர்போர்ட்டில் என்னை வரிசையிலிருந்து எடுத்துத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். போன் பேசக்கூடாது. இரண்டு மணி நேரம். பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டு மறுபடியும் அதே கேள்வி கேட்டார். மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன். உண்மையில் ஒரு சௌகரியம், போன தடவை என்ன சொன்னோம் என்று யோசிக்க வேண்டியதில்லை. முத்திரை குத்தினார். இந்த முறை கவுண்டரை விட்டு நகராமல், அங்கேயே நின்று தேதியைப் படித்தேன். அவர் சிரித்தார். "இனி மறக்க மாட்டீர்கள்" என்றார்.

வெளியே மனைவி காத்திருந்தார். என் மகள் ஓடி வரவில்லை. 55 நாளில் அப்பாவின் முகம் அவளுக்குப் பழையதாகிவிட்டது. அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீடு போய்ச் சேரும்போதுதான் என் விரலைப் பிடித்தாள். ஒரு தேதியைப் படிக்காததற்கு நான் கொடுத்த விலை அது. சம்பள நஷ்டத்தை ஒரு வருடத்தில் மறந்துவிட்டேன்.

இறுதியாண்டு மாணவர்களே, நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் உள்ளே நுழைந்த அன்றே தங்கும் தேதியைப் படியுங்கள். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா போனால், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம், வந்த நாளும் போகும் நாளும் சேர்த்து. பாஸ்போர்ட் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். பழையதை டிராயரில் போடும் முன் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் மீறித் தவறு நடந்துவிட்டால், அறிந்த அன்றே வக்கீலிடம் போங்கள், நாளை வளர விடாதீர்கள், கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்.

என் அப்பா இன்று இங்கே வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையை நான் மேடையில் சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. மன்னிக்கவும் அப்பா.