உம்மாவின் பெயரிலும் ஒரு பத்திரம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வியாதியைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோதான் பேசுவா என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் வங்கிப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் என் உம்மாவின் மாத்திரைகள்தான்.

உம்மா இந்தப் பாடசாலையின் பழைய மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. வாப்பாவும் அரசாங்க ஓய்வூதியக்காரர். கடந்த முறை வீட்டுக்கு வந்தபோது, இரண்டு வேளை குடிக்க வேண்டிய மாத்திரையை உம்மா ஒரு வேளை மட்டும் குடிப்பதைக் கண்டேன். கேட்டதற்கு, "காசு காணாது மகள், பேங்கில வெட்டுறாங்க" என்றா.

புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். வாப்பாவின் வைப்பில் எதுவும் வெட்டப்படவில்லை. உம்மாவின் வைப்புக்கு வந்த இலாபத்தில் மட்டும் மாதாமாதம் பத்தில் ஒரு பங்கு போயிருந்தது. வாப்பா வங்கிக்கு ஒரு பத்திரம் கொடுத்திருந்தார். உம்மா கொடுக்கவில்லை. "வீட்டுத் தலைவர் குடுத்தாக் காணும்தானே" என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

காணாது. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

வங்கி வட்டியில் வரி பிடிக்கும் முறை நம் நாட்டில் அடிக்கடி மாறி வந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், மூத்த பிரஜைகளுக்கு வட்டி வருமானத்தில் வருடம் 15 இலட்சம் ரூபாய் வரை தனிச் சலுகை இருந்தது. 2020இல் அது போய்விட்டது. 2023 ஜனவரி 1 முதல் வங்கிகள் 5 வீதம் பிடிக்கத் தொடங்கின. 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதமானது. "எனக்கு அறுபது தாண்டிவிட்டது, பிடிக்கமாட்டார்கள்" என்று இன்னும் நம்பியிருக்கும் பெரியவர்கள் பலர். வயதைப் பார்த்து வங்கி தானாக விட்டுவிடாது.

ஆனால் அதே 2025 ஏப்ரல் முதல், இந்நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் வருடம் 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. ஒவ்வொருவருக்கும் என்பதைக் கவனியுங்கள். வாப்பாவுக்கு ஒரு 18 இலட்சம், உம்மாவுக்கு ஒரு 18 இலட்சம். எங்கள் ஓட்டமாவடிப் பாலத்தில் ஒரு காலம் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில் போயின; இன்று ரயிலுக்கு ஒரு பாலம், பஸ்ஸுக்கு ஒரு பாலம். வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் அப்படித்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: "பென்ஷன் எடுக்கிறேன், ஆகவே எனக்கு வரி வரும்." அரசாங்கம் கொடுக்கும் ஓய்வூதியம் வருமான வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 18 இலட்சக் கணக்கில் அதைச் சேர்க்கத் தேவையில்லை. வட்டி, வீட்டு வாடகை, கடை வருமானம் போன்றவற்றைத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். உம்மா ஒருவர் 20 இலட்சம் வைப்பிலிட்டு, வருடம் 8 வீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 160,000 ரூபாய். அதில் 16,000 ரூபாயை வங்கி பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். 18 இலட்சத்துக்குக் கிட்டவும் போகாத அவருக்கு அது கட்டவே தேவையில்லாத வரி. மாதம் 1,300 ரூபாய்க்கு மேல். வசதியானவர்களுக்கு அது சில்லறை. மருந்துச் சிட்டையோடு பார்மசியில் நிற்கும் உம்மாவுக்கு அப்படியல்ல.

வட்டி கூடாதென்று முதாரபா வைப்பு வைத்திருப்பவர்கள், இது தங்களுக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். அங்கே வரும் இலாபப் பங்கிலும் வங்கி இதே விதமாகத்தான் பிடிக்கிறது. என் பெற்றோரின் வைப்பும் அப்படியானதுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. முதலில் இருவரும் தனித்தனியே வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் நம்பர், எடுக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதியலாம். அடுத்து, "என் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாது" என்ற சுயபிரகடனப் பத்திரத்தை நிரப்பி, வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கென்றால் இருவரும் கொடுக்க வேண்டும். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கும். வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். உண்மையாக இருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். பொய்ப் பிரகடனம் குற்றம். ஏற்கனவே பிடித்த பணத்துக்கு, அந்த வருடத்துக்கான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பித்து மீளளிப்புக் கேட்கலாம்.

லண்டனில் இருந்து வந்திருக்கும் ராத்தாமாருக்கு ஒரு செய்தி. பிரித்தானியாவிலேயே 1990 ஏப்ரல் வரை, வரிக் கணக்கில் மனைவியின் வருமானம் கணவனின் வருமானமாகவே பார்க்கப்பட்டது. அதன் பிறகுதான் அங்கே மனைவி தனி ஆளானாள். சட்டம் நம்மைத் தனி ஆளாக ஏற்றுக்கொண்ட பிறகும், வீட்டில் நாமே "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் மௌத்தான பிறகு, எந்த வங்கியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நிற்கும் விதவைகளை நான் கிளினிக்கில் காண்கிறேன். பிரஷர் ஏறியதற்கு மருந்து எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கவலைக்கு என்னிடம் மருந்தில்லை.

அதனால் எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சனிக்கிழமை, இந்த மண்டபத்தில் நாலு மேசை போடுவோம். கணினி தெரிந்த தங்கச்சிமார் உட்காரட்டும். பெரியவர்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுப்போம். வீதங்கள் மாறக்கூடும், அந்தந்த வருடம் விசாரித்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை போன் எடுக்கும்போது, "சாப்பிட்டீங்களா உம்மா?" என்று கேட்ட பிறகு, "உங்கட பேரிலயும் பத்திரம் குடுத்தாச்சா?" என்றும் கேளுங்கள்.

உம்மாவுக்கு இப்போது டின் நம்பர் இருக்கிறது. பத்திரத்தை அவவே நிரப்பி, இந்தப் பாடசாலையில் பழகிய அந்த அழகான எழுத்தில் ஒப்பமிட்டா. மாத்திரையும் இரண்டு வேளை குடிக்கிறா, அல்ஹம்துலில்லாஹ்.